வெட்டாத ஆறு நிமிடம் நாற்பது விநாடி

என் தங்கை தொலைக்காட்சித் தொடர் தயாரிக்கிறாள் என்று சொன்னதும், மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு அக்கா, "மாமியார் மருமக சண்டையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சண்டை இல்லக்கா, பாட்டு."

"சினிமாப் பாட்டா?"

"இல்லக்கா, ப்ளூஸ்."

"அப்படின்னா?"

எனக்குப் புரிந்திருந்தாலும் அடுத்தவருக்கு விளக்கத் தெரியவில்லை. "கிதார் வச்சுக்கிட்டு, கஷ்டத்தைப் பாடுவாங்க" என்றேன். "கஷ்டத்தைக் கேக்க டிவி எதுக்குப்பா, என்கிட்ட வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று எழுதுவது என் வேலை. பத்தாவது வரைதான் படித்தேன். என் தங்கையின் கதையை நன்றாக எழுதக்கூடியவர்கள் வேறு பலர் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வீட்டில் அவள் பெயர் வாலு. ஆறு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு, அப்பா வருவதற்குள் திரும்ப மாட்டிவிட்டாள். கடிகாரம் ஓடியது. ஒரு திருகாணி மட்டும் மிச்சம். "அது தேவையில்லாதது, சும்மா வச்சிருந்தாங்க" என்று அப்பாவுக்கே விளக்கம் சொன்னாள். அன்றைக்கு வைத்த பெயர். இப்போது முப்பத்து நான்கு வயது, பெயர் மாறவில்லை.

படிப்பு முடித்ததும் ஒரு வீடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடம். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது, மணமக்களின் முகத்தைச் சுற்றி இதயம் பறக்கவிடுவது, பெண்ணின் சித்தப்பா கொட்டாவி விட்ட இடத்தில் பூங்கொத்தைக் காட்டிச் சமாளிப்பது, இதெல்லாம் அவள் வேலை. "வாலு கை பட்டா அழுத மாப்பிள்ளையும் சிரிச்ச மாதிரி இருப்பான்" என்று கடை முதலாளி பெருமையாகச் சொல்வார்.

ஒரு நாள் யாரோ ஒருவர் ஒரு ப்ளூஸ் விழாவைப் படம்பிடித்து, பதினான்கு மெமரி கார்டுகளில் கொண்டுவந்து கொடுத்தார். சுருக்கி அரை மணி நேரமாக்கித் தரச் சொன்னார். பிறகு அவர் வரவேயில்லை. வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்தை ஏற்றியிருப்பார்கள். இவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு கார்டாகக் கேட்டாள். பதினான்கையும் கேட்டு முடித்தபோது, அதில் பாடியவர்களில் நான்கு பேரின் வீட்டு விலாசம் அவளிடம் இருந்தது. எப்படிப் பிடித்தாள் என்று கேட்காதீர்கள். பிடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது எனக்கு அதை விளக்கினாள்.

"அண்ணா, ஒரு மனுஷனுக்கு ஒரு கஷ்டம். அதை ஒரு வரியில சொல்றான். யாரும் திரும்பிப் பாக்கல. அதே வரியை இன்னொரு தடவை சொல்றான். அப்பவும் யாரும் பாக்கல. மூணாவது வரியில அவனே ஒரு பதில் சொல்லிச் சிரிச்சுக்கிறான். ப்ளூஸ் அவ்வளவுதான்."

எனக்குப் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மோட்டாரை நிறுத்தினியா? உன்னைத்தான் கேக்குறேன், மோட்டாரை நிறுத்தினியா? தண்ணி வழிஞ்சு தெருவுக்குப் போய் பஸ் ஏறப்போகுது!"

வாலு மேசையைத் தட்டினாள். "இதுதாண்ணா! இதுதான் ப்ளூஸ்!"

"என்னடி ப்ளூஸு, முதல்ல மோட்டாரை நிறுத்து" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாட்டில் சந்தேகமே வந்ததில்லை.

அந்த நான்கு விலாசங்களை வைத்துக்கொண்டுதான் அவள் ஆறு பகுதித் தொடர் ஒன்றைத் திட்டமிட்டாள். பகலில் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் கிதாரைத் தூக்கும் மனிதர்கள்; அவர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சின்ன விழாக்கள். எழுதிக்கொண்டு போய் ஒரு சேனலில் கொடுத்தாள். ஐந்து மாதம் கழித்து நிகழ்ச்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அம்மாவுக்குச் சேனல் முழுக்க ஒரு பட்டப்பெயர் உண்டு: ஃபார்வர்டு அம்மா. எதைப் போட்டுக் காட்டினாலும் வலது கட்டைவிரலை ரிமோட்டின் ஃபார்வர்டு பட்டனில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பாராம். அலுத்தால் அமுக்குவார். மூன்று தடவை அமுக்கினால் அந்த நிகழ்ச்சி அதோடு சரி. இதை வரவேற்பறையில் இருந்த பெண்ணே வாலுவிடம் சொல்லி, "ஆல் தி பெஸ்ட்" என்றாளாம்.

அவர் வாலுவிடம் சொன்னது இது. முதல் பகுதியை மட்டும் எடுத்து வா. இருபத்தாறு நிமிடம். பார்த்துவிட்டு மிச்ச ஐந்தைச் சொல்கிறேன். "இன்னொண்ணு. ஒரு காட்சி பத்து விநாடிக்கு மேல நிக்கக்கூடாது. பாக்கறவங்க கையிலயும் ரிமோட் இருக்கு."

வீடியோக் கடை முதலாளி இரண்டு மாதம் விடுப்புக் கொடுத்தார். "உன் நாற்காலியில யாரையும் உக்கார வைக்கமாட்டேன். ஆனா ரெண்டு மாசம்தான். அதுக்குள்ள டிவிக்காரி ஆயிட்டா சந்தோஷம். இல்லேன்னா கல்யாண சீசன் ஆரம்பிக்குது, வந்துரு." ஆக, முதல் பகுதி தேறினால் அவள் தொடர் தயாரிப்பவள். தேறாவிட்டால் மறுபடி இதயம் பறக்கவிட வேண்டியதுதான். கடையிலிருந்து கேமராக்காரரும் அவளோடு கிளம்பிவிட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவளை வாலு மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

முதல் பகுதிக்காக நாங்கள் படம்பிடிக்கப் போன விழா, காய்கறிச் சந்தையின் வாராந்திர விடுமுறை நாளில், சரக்கு இறக்கும் முற்றத்தில் நடந்தது. பக்கப் பலகையை இறக்கிவிட்ட ஒரு லாரிதான் மேடை. கூட்டத்துக்கு உட்காரக் காலி மரப்பெட்டிகள். எவ்வளவு கழுவியும் தரையில் முட்டைக்கோஸ் வாசனை போகவில்லை. மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் மேல் நான்கு குழந்தைகள் ஏறிக்கொண்டு, பாட்டுக்கு ஆடியபோதெல்லாம் முள்ளும் சேர்ந்து ஆடியது. மதியம் 3.10க்கு முதல் பாட்டு.

பாடியவர்களில் பல் மருத்துவமனை நர்ஸ் ஒருவர் இருந்தார். டிரம்ஸ் வாசித்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எங்கள் டிப்போவில் டயர் மாற்றுபவர்! முதுகு வலி என்று அன்று காலைதான் லீவு சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு குச்சி கையிலிருந்து நழுவிவிட்டது.

"சார்... இது முதுகுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"எந்த டாக்டர்?"

அவர் குச்சியால் நர்ஸைக் காட்டினார். நான் மேலே கேட்கவில்லை.

கடைசியாக ஏறினார் லிஃப்ட்காரர். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, சட்டைப் பையில் இன்னமும் டெஸ்டரோடு இருந்தார். இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சிறிய இரும்புக் குழாய்த் துண்டை மாட்டிக்கொண்டு அதைக் கிதார் கம்பியின் மேல் வழுக்கவிட்டார். கம்பி, ஆள் அழுவது மாதிரியும் உடனே கேலி செய்வது மாதிரியும் கத்தியது. பக்கத்தில் அவர் மனைவி, மரப்பெட்டியில் உட்கார்ந்து, அவருடைய பழைய டூல் பாக்ஸை மடியில் வைத்து விரலால் தாளம் தட்டினார். லிஃப்ட்காரர் பாடியது சொந்தப் பாட்டு.

"எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன், நான் நின்ன இடத்துல நிக்கிறேன்.
ஆமாம்மா, எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன், நான் நின்ன இடத்துல நிக்கிறேன்.
மேல போன மகராசி, ஒரு தடவை கீழ பட்டனை அமுக்கக் கூடாதா?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. வாலு என் காதில், "முதல் பகுதியே இவர்தாண்ணா" என்றாள்.

எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. மேடை முழுவதும் தெரிகிற மாதிரி அந்தப் பாட்டை எடுத்தாயிற்று. கூட்டம் கலைந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, அதே லாரி மேல் அதே பாட்டை இன்னும் இரண்டு தடவை பாடச் சொன்னாள். ஒரு தடவை கையை மட்டும், ஒரு தடவை முகத்தை மட்டும் கிட்டே போய் எடுத்துக்கொண்டார்கள். மூன்றையும் வெட்டி ஒட்டினால் மூன்று கேமரா வைத்து எடுத்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதை மூன்று தடவை மாற்றச் சொல்லி எடுப்பார்களே, அந்தக் கணக்கு.

"மறுபடியும் பாடணுமா? பாடிட்டாப் போச்சு" என்றார் லிஃப்ட்காரர், கேட்டதே பாக்கியம் என்பது போல.

"கேக்காதீங்கம்மா" என்றார் அவர் மனைவி. "இந்த மனுஷன் ஆரம்பிச்சா வீடு வந்து சேரமாட்டாரு."

எங்கள் வீட்டு முன்னறையில்தான் வாலுவின் வேலை. கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஜன்னலுக்கு ஒரு கறுப்புப் போர்வை. என் விடுமுறை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கார்டில் என்ன இருக்கிறது, எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொடுப்பேன். லிஃப்ட்காரரின் மூன்று பாட்டையும் எழுதினேன். முதல் தடவை நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இரண்டாவது, ஐந்து நிமிடம் முப்பத்தொன்று. மூன்றாவது, மூன்று நிமிடம் ஐம்பது.

"வாலு, மூணும் ஒரே ரூட்டு. ஆனா மூணு வண்டியும் வேற வேற நேரத்துக்கு வந்து சேந்திருக்கே" என்றேன்.

சிரித்தாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

போட்டுப் பார்த்தோம். இரண்டாவது தடவை முதல் வரியை நான்கு முறை பாடியிருக்கிறார். மூன்றாவது தடவை மகராசியைக் காணவே காணோம். அந்த இடத்தில் ஏதோ ஒரு வாட்ச்மேன் வந்திருந்தார். வேகமும் வேறு. ஒன்றின் சத்தத்தை இன்னொன்றின் படத்தில் வைத்தால், வாய் மூடியிருக்கும்போது பாட்டு ஓடியது. கை கம்பியின் மேல்முனையில் இருக்க, சத்தம் கீழிருந்து வந்தது. நாள் முழுவதும் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை. பூங்கொத்தைக் காட்டிச் சமாளிக்கச் சந்தையில் பூங்கொத்தும் எடுத்திருக்கவில்லை. சேனலில் காட்ட வேண்டிய நாளுக்கு எட்டு நாள் இருந்தது.

லிஃப்ட்காரருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"அம்மா, பாட்டு ஒண்ணுதான். ஆனா நீங்க மூணு தடவை பாடச் சொன்னீங்க. மூணு தடவை பாடினா மூணு மாதிரிதானே வரும்?" என்றார், உண்மையிலேயே புரியாமல்.

அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டார். "நாப்பது வருஷமா ஒரு பாட்டைக்கூட ஒரே மாதிரி பாடினதில்லம்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என் பேரைக் கேட்டப்பவே ரெண்டு விதமா சொன்னாரு."

போனை வைத்ததும் கேமராக்காரர் ஒரு யோசனை சொன்னார். "வாலு மேடம், சினிமாவுல எப்படி எடுக்குறாங்க? பாட்டை ஸ்பீக்கர்ல ஓடவிட்டு வாயசைக்கத்தானே சொல்றாங்க? மேடையில பாடினதைப் போட்டுவிட்டு, அதுக்கேத்த மாதிரி வாயும் கையும் அசைக்கச் சொல்லுவோம். எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்."

எங்கள் யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை. திரையில் ஒருவர் பாடினால் வாயசைப்புத்தான் என்று பழகி வளர்ந்தவர்கள் நாங்கள். என் மனைவி மட்டும், "அவரு பாட்டுக்கு அவரே வாயசைக்கணுமா? பாவம்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை. சந்தையில் அன்று காய்கறி இறங்குகிற நாள் என்பதால், லிஃப்ட்காரரே வேறு இடம் சொன்னார். அவர் கடைசியாக வேலை பார்த்த எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறை. அங்கேதான் அவர் பாடிப் பழகுவாராம். எட்டாவது மாடிக்கு மேல் ஒரு இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறை. நடுவே கருநிற மோட்டார், ஆள் உயரச் சக்கரம், கிரீஸ் பூசின இரும்பு வடங்கள். அபாயம் என்று ஒரு பலகை; அதன் ஆணியில் அவருடைய குடை. கீழே யாராவது பட்டனை அமுக்கினால் முதலில் டக்கென்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் முனகிக்கொண்டே சுற்றும்.

10.40க்கு ஆரம்பித்தோம். ஸ்பீக்கரை ஒரு ஸ்டூலில் வைத்தோம். பாட்டு ஓடியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"யாரும்மா இது? சளி பிடிச்சவன் மாதிரி பாடுறான்."

"நீங்கதான்" என்றார் மனைவி. "எனக்குத் தினமும் இப்படித்தான் கேக்குது."

இரண்டாவது தடவை, வாய் அரை வரி பிந்தி வந்தது. மூன்றாவது தடவை, முந்தி வந்தது. நான்காவது தடவை பாதியில் லிஃப்ட் ஓடிக் கெடுத்தது. ஐந்தாவது தடவை அவர் கண் ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை. சந்தையில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்த மனிதர், வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கூட வழுக்கவில்லை. வாலு ஒவ்வொரு தடவையும், "பரவாயில்லைங்கய்யா, இன்னொண்ணு" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

12.05க்கு அவர் கிதாரை மடியில் சாய்த்துவிட்டார்.

"என்னால முடியலம்மா. உங்க நாளைக் கெடுக்கிறேன். அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க. நல்லா இருப்பாங்க, படத்துக்கும் எடுப்பா இருக்கும். நான் வந்து கைதட்டுறேன்."

வாலு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கிரீஸ் படிந்த தரை. "ஐயா, நர்ஸம்மா ரெண்டாவது பகுதி. முதல் பகுதி நீங்கதான். நீங்க இல்லேன்னா அது இல்ல. கடைசியா ஒரே ஒரு தடவை. வந்தாப் பாப்போம், வரலேன்னா கீழ போய் எல்லாரும் சாப்பிடுவோம்."

கேமராக்காரர் அதற்குள் கேமரா ஸ்டாண்டை மடக்கிக் கட்டிவிட்டிருந்தார். அவிழ்க்கச் சோம்பல்பட்டு, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டார். பாட்டு ஓடியது.

"எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன்..." என்றது ஸ்பீக்கர்.

லிஃப்ட்காரர் வாயசைக்கவில்லை. ஸ்பீக்கரை முறைத்தார். விரலில் இருந்த இரும்புக் குழாய் கம்பியில் மெல்ல இறங்கியது.

"நீயா ஏத்தின? கிரீஸ் போட்டது நானு" என்று ராகத்தோடு பாடினார்.

"நான் நின்ன இடத்துல நிக்கிறேன்..."

"நிக்காதய்யா, உக்காரு. முட்டி வலிக்கும் தெரியாதா?"

கேமராக்காரர் நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டார். வாலு ஒரு கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினாள். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பட்டன் ஒன்று கழன்று விழுந்தது. ஸ்பீக்கர் ஒரு வரி பாட, அவர் ஒரு வரி பதில் பாட, கிதார் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து கோள் மூட்டியது. அவர் மனைவி டூல் பாக்ஸை மடியில் இழுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். கீழே யாரோ பட்டனை அமுக்கினார்கள். டக். சக்கரம் சுற்றியது. தட்டுகிறவர் அந்த முனகலுக்கே தாளத்தை மாற்றிக்கொண்டார். சண்டை முற்றி, நீ பெரியவனா நான் பெரியவனா என்று வந்தபோது, தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நான் சமைக்கணுமா?"

நான்கு நிமிடம் பன்னிரண்டில் ஸ்பீக்கர் ஓய்ந்தது. அவர் அதை எட்டிப் பார்த்தார். "ஏன்யா நிறுத்திட்ட? இப்பத்தானே பேச்சு சூடு பிடிக்குது" என்றார். பிறகு தனியாகத் தொடர்ந்தார். முதல் வரி, அதே வரி மறுபடி, அப்புறம் யாரும் அதுவரை கேட்டிராத மூன்றாவது வரி:

"எட்டு மாடிக்கு மேல உக்காந்திருக்கேன், இனி எந்தப் பட்டனை அமுக்குவ மகராசி?"

கடைசிக் கம்பி ஓய்ந்தபோது என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. கேமரா ஒரு தடவைகூட நிற்கவில்லை. கேமராக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். லிஃப்ட்காரர் எங்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்கம்மா, மறுபடியும் வாயசைக்க மறந்துட்டேன்" என்றார்.

வாலு குனிந்து என் சட்டைப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்க அது ஒரு சாக்கு.

வீட்டில் முதலில் அவள் அதை வெட்டினாள். பத்து விநாடி விதி இருக்கிறதே. முகம், கை, டூல் பாக்ஸ், சக்கரம், சந்தைக் கூட்டம் என்று நாற்பத்தொரு துண்டு. பளபளவென்று இருந்தது. எனக்குப் பிடித்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுச் சண்டையை, நடுநடுவுல கதவைச் சாத்திச் சாத்திக் கேட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

வாலு திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீ சொல்லு."

"ரூல்னா ரூல்தான் வாலு. அந்தம்மா பத்துன்னு சொல்லிட்டாங்க. நீ நானூறு விநாடியைக் கொண்டுபோய் நீட்டினா?"

"நீ சொல்றது சரிதாண்ணா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால், அது நடக்காது என்று அர்த்தம் என்பது முப்பத்து நான்கு வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது, வெட்டிய பிரதியை அம்மாவின் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். "ரெண்டும் கையில இருந்தா பயத்துல இதை எடுத்து நீட்டிருவேன்" என்றாள். கையில் இருந்தது வெட்டாததுதான்.

சேனலின் மூன்றாவது மாடியில் சின்ன அறை. ஒரு பெரிய டிவி, நான்கு நாற்காலி, குளிர். என்னைத் துணைக்கு வந்தவர் என்று சொல்லி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். ஃபார்வர்டு அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரிமோட் வலது கையில். கட்டைவிரல் பட்டனில். நான் டிவியைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிமிடத்தில், சந்தையின் தராசு வந்தபோது, அமுக்கினார். ஒன்று. ஒன்பதாவது நிமிடத்தில் எங்கள் டயர்காரர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அமுக்கினார். இரண்டு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. பதினான்காவது நிமிடத்தில் லிஃப்ட் அறை வந்தது.

பத்து விநாடி ஆயிற்று. கட்டைவிரல் லேசாக அசைந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வாலு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சரியாக அந்த நேரத்தில் ஆபீஸ் உதவியாளர் ஒருவர் கதவைத் திறந்து, கையெழுத்துக்காக ஒரு ஃபைலை நீட்டினார். ஃபார்வர்டு அம்மா குனிந்து கையெழுத்துப் போட்டார். டிவியில் லிஃப்ட்காரரின் மனைவி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சமைக்க வேண்டுமா என்று கேட்டார். உதவியாளர் ஃபைலை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"என்ன? என்ன சொன்னாங்க?" என்று நிமிர்ந்தார் அம்மா.

"அது... மேடம், அந்தம்மா..." என்று உதவியாளர் திணறினார்.

கட்டைவிரல் எழுந்தது. பக்கத்துப் பட்டனுக்குப் போனது. படம் பின்னால் ஓடியது. கேட்டார். தோள் குலுங்கியது. இன்னொரு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டார். பிறகு ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டார். உதவியாளர் போகவில்லை, கதவில் சாய்ந்தபடி நின்று கடைசிவரை பார்த்தார். அவரைப் போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

விளக்கைப் போட்டதும் அம்மா கேட்டார். "பத்து விநாடின்னு சொன்னேனே?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம் ஏன் வெட்டல?"

"வெட்டிப் பாத்தேன் மேடம். எங்க கத்திரி வச்சாலும் அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கார். நடுவுல புகுந்தா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"ரெண்டு பேரா? ஒருத்தர்தானே பாடுறார்?"

கேட்டுவிட்டு அந்த அம்மாவே சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு பேர்தான். அந்த டயர்காரர் பேட்டியைப் பாதியாக் குறைச்சுக் கொண்டு வா. லிஃப்ட்காரரைத் தொடாத. மிச்ச அஞ்சையும் ஆரம்பி."

வாலு மூன்று மாடிப் படியையும் தடதடவென்று இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒன்பது பேரும் திரும்பினார்கள். அதில் ஒருவர் என் டிப்போ கண்டக்டர். "சார், தங்கச்சிக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று ஓடி வந்தார்.

"ஆயிடுச்சுப்பா. தயாரிப்பாளர் ஆயிட்டா" என்றேன்.

அவள் அதற்குள் லிஃப்ட்காரருக்குப் போன் போட்டு, அவர் என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால் அழுது, சிரித்து, மறுபடி அழுதுகொண்டிருந்தாள். அடுத்த போன் நர்ஸுக்கு. அதற்கடுத்தது கேமராக்காரருக்கு.

"அண்ணே, அஞ்சும் வந்துருச்சு. இனிமே ஒரு பாட்டை ஒரே ஒரு தடவைதான் எடுக்கப்போறோம். ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும், நிறுத்தாம, வெட்டாம."

எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரொம்ப சந்தோஷம் வாலு மேடம்" என்றார் கேமராக்காரர், தன் சின்னக் குரலில். "ஆனா எனக்குத் தோள் ரெண்டுதான் இருக்கு. அந்த நர்ஸம்மா பாட்டு எத்தனை நிமிஷம்னு மட்டும் இப்பவே கேட்டுச் சொல்லிருங்க."